ஒன்றேகால் சுற்று

கோவில்பட்டி
ஏப்ரல் 25

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுவது.  

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "மே மாசம் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வாயேன்" என்றதும் நீ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்த நாய் இன்னும் இருக்கா?" என்று கேட்டாய். "வாண்டுதானே, இருக்கு" என்றேன். "பார்க்கலாம்க்கா" என்று வைத்துவிட்டாய். அதற்கு மேல் நான் என்ன சொல்லியிருந்தாலும் நாய்க்கு வக்காலத்து வாங்குகிற மாதிரிதான் இருந்திருக்கும். ஜூன் வரைக்கும் ஸ்கூல் யூனிபார்ம் துணி குவிந்து கிடக்கிறது. இருந்தாலும் மெஷினை மூடிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பொங்கலன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதில் தப்பு என்னுடையது. நீங்கள் வருகிற நேரம் தெரிந்தும் வாண்டுவைப் பின்கட்டில் விடாமல் அடுப்படியில் நின்றேன். கேட் கொண்டி சத்தம் கேட்டது, சின்னவன் "பெரியம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான், அவள் பாய்ந்தாள். முன்னங்கால் இரண்டும் அவன் தோளில். பிள்ளை கீழே விழுந்தான், கையில் நகம் கீறியது. "கடிக்கலை, கடிக்கலை" என்று அன்றைக்கு நான் நாலு தடவை சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு விழுந்த பயம் கடித்தால் என்ன, கீறினால் என்ன? சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, பெரியாஸ்பத்திரிக்கு ஓடி, அன்றைக்கு, மூன்றாம் நாள், ஏழாம் நாள், 28ஆம் நாள் என்று நாலு தவணை ஊசி. வாண்டுவுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும் பிள்ளை விஷயத்தில் டாக்டர் யோசிக்கவில்லை, அதுதான் சரி. உன் பண்டிகையைக் கெடுத்துவிட்டேன்.

கிளம்பும்போது நீ ஒன்று சொன்னாய்: "அப்பா இருந்திருந்தா நாலு போடு போட்டு அடக்கியிருப்பாரு." உண்மைதான். மணியை அப்பா அப்படித்தான் அடக்கினார். கிணற்றடியில் சங்கிலியில் கிடந்த மணி, அப்பா செருப்புச் சத்தம் கேட்டால் வாலை ஒடுக்கிக்கொள்ளும். நாம் அதைப் புத்திசாலி நாய் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் ரயில் ஏறிய மறுநாள் நானும் அடித்தேன். வெட்டு மேசையில் கிடந்த மர ஸ்கேலை எடுத்து ரெண்டு வைத்தேன். வாண்டு மேசைக்குக் கீழே போய்ச் சுருண்டாள். 'அடங்கிட்டா' என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு பெண் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள். நான் இஞ்ச் டேப்பை உதறி நீட்டியதும் கீழேயிருந்து ஒரு உறுமல். என் மணிக்கட்டுக்கு அரை விரல் தூரத்தில் பல் மோதுகிற சத்தம். ஸ்கேலும் டேப்பும் அவளுக்கு ஒன்றாகிப்போயிருந்தது. என் கையும் அதோடு சேர்ந்துவிட்டது. அந்தப் பெண் அப்புறம் வரவே இல்லை.

அன்றைக்கு அத்தான், "எங்கேயாவது கொண்டுபோய் விட்டுரலாம்" என்றார். ஏற்கெனவே ஒருத்தன் அப்படிச் செய்துதான் அவள் நம்மிடம் வந்தாள். நவம்பர் மழையில் நாலுவழிச்சாலை ஓரத்தில், எலும்பு எண்ணுகிற மாதிரி, கழுத்தில் அறுந்த கயிற்றோடு நின்றாள். மான் மாதிரிக் கால், ஒட்டின வயிறு, நீண்ட மூஞ்சி. சிப்பிப்பாறை ரத்தம் பாதியாவது இருக்கும் என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். கரிசல் காட்டில் முயல் விரட்டவென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த சாதி அது. கண் பார்த்ததும் கால் ஓடிவிட வேண்டும். நடுவில் யோசனைக்கு இடமில்லை. எதற்காக வளர்த்தார்களோ அதையே வீட்டுக்குள் வந்து செய்தால் நாம் அடங்காத நாய் என்கிறோம்.

கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் இடுப்பை லேசாக அமுக்கியதும் திரும்பிச் சீறினாள். "இது கோபமில்லைம்மா, வலி" என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் மாத்திரை, சாப்பாட்டுக்குப் பிறகு, 28 நாள். மூட்டெல்லாம் வலிக்குமாம். வலிக்கிற உடம்போடு இருந்தவளைத்தான் வருகிறவர் போகிறவரெல்லாம் தட்டிக்கொடுத்தோம், நான் ஸ்கேலால் அடித்தேன். யாராவது இப்படி ஒரு நாயை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று கேட்டால், பழக்குவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டு என்றுதான் சொல்வேன்.

மாத்திரை முடிந்து வலி போனது. ஆனால் பாய்ச்சல் போகவில்லை, கையைக் கண்டால் ஒதுங்குவதும் போகவில்லை. அப்போதுதான் மதுரையிலிருந்து மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். அடுத்த வாரம் லீவுக்கு வந்தபோது ஒரு புத்தகத்தையும் படித்துத் தமிழில் சொன்னாள். லிண்டா டெல்லிங்டன் ஜோன்ஸ் என்று ஒரு அம்மா, 1937இல் கனடாவில் பிறந்தவர், குதிரைகளோடு வளர்ந்தவர். மோஷே ஃபெல்டன்கிரைஸ் என்பவர் மனிதர் உடம்புக்கு ஒரு வித்தை வைத்திருந்தார்: பழக்கமில்லாத சின்னச் சின்ன அசைவுகளை வலிக்காமல் செய்தால் உடம்பு பழைய பிடிவாதத்தை விட்டுப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் என்று. இந்த அம்மா 1970களில் அவரிடம் படித்து, அதைக் குதிரைக்குச் செய்து பார்த்து, பிறகு நாய், பூனை வரைக்கும் கொண்டுவந்தார். டெல்லிங்டன் டச் என்று பெயர், சுருக்கமாக டீ-டச்.

பிடித்துவிடுகிற மசாஜ் என்று நினைக்காதே. நான் தையல்காரி, எனக்குப் புரிந்த மாதிரிச் சொல்கிறேன். லைனிங் வைத்த துணியை மேசையில் விரித்து, மேல்துணியில் விரல் வை. விரல் துணிமேல் வழுக்கக் கூடாது. மேல்துணி விரலோடு சேர்ந்து லைனிங்மேல் நகர வேண்டும். அதே மாதிரி நாயின் தோல் உள்சதைமேல் நகர வேண்டும். வட்டமாக. கடிகார முகம் ஒன்று அங்கே இருப்பதாக வைத்துக்கொள். ஆறில் தொடங்கி, முள் சுற்றுகிற பக்கமாகவே ஒரு முழுச் சுற்று வந்து, ஆறைத் தாண்டி எட்டு, ஒன்பதில் நிறுத்து. ஒன்றேகால் சுற்று. ஒரு மூச்சு விடுகிற நேரம் அப்படியே இரு. பிறகு விரலை எடுத்து வேறு இடத்தில் வை. ஒரு சுற்றுக்கு ரெண்டு செகண்டாவது ஆக வேண்டும், அவசரப்பட்டால் பிரயோஜனமில்லை.

எவ்வளவு அழுத்தம் என்று நானும் கேட்டேன். நீ இப்போதே செய்து பார். கண்ணை மூடி, இமைமேல் விரல் வைத்து, இமைத் தோலை மட்டும் உறுத்தாமல் நகர்த்து. அதுதான் ஒன்றாம் எண் அழுத்தம். நாய்க்கு இரண்டு, மூன்று போதும்.

சொல்ல லேசு. என் கையைக் கண்டாலே விலகுகிறவளிடம் எப்படி? அதற்கும் அந்தப் புத்தகத்தில் வழி இருந்தது: கைக்குப் பதில் குச்சியோ இறகோ பிரஷோ. ஹார்டுவேர் கடையில் ஒன்றரை இஞ்ச் பெயிண்ட் பிரஷ் புதிதாக வாங்கி, ஒரு பிரம்புக் குச்சியில் கட்டினேன். தரையில் அவளுக்குப் பக்கவாட்டில், முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்து தோள்பட்டையில் மட்டும் தடவினேன். முதல் நாள் எழுந்து போய்விட்டாள். போகட்டும் என்று விட்டேன். அதுதான் முக்கியம் பாப்பா, எழுந்து போகிற வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். மூன்று செகண்டு தடவுவேன், நிறுத்துவேன். பக்கத்தில் வந்தால் இன்னொரு மூன்று. தலையைத் திருப்பினால், உதட்டை நக்கினால், தூக்கம் வராமல் கொட்டாவி விட்டால், கண்ணின் வெள்ளை தெரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். நார்வேக்காரர் டூரிட் ருகாஸ் இதில் முதல் மூன்றையும் நாய்களின் சமாதானச் சைகை என்று எழுதியிருக்கிறார். மணி இந்த அத்தனை சைகையும் காட்டியது எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. யாருக்குப் படிக்கத் தெரிந்தது?

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, கரண்ட் போன ஒரு ராத்திரி. மெஷின் இல்லை, ஃபேன் இல்லை, தெருவே அமைதி. பிரஷைக் கீழே வைத்துவிட்டுப் புறங்கையை அவள் தோளுக்கு ஒரு விரல் தள்ளி நீட்டி வைத்திருந்தேன். அவளே சாய்ந்து வந்து ஒட்டினாள். கையைத் திருப்பி மூன்று விரலால் ஒரு சுற்று. தோலுக்குக் கீழே சதை கயிறு மாதிரி முறுக்கியிருந்தது. இன்னொரு சுற்று, ஒரு இஞ்ச் தள்ளி இன்னொன்று. எத்தனை என்று எண்ணவில்லை. காதையும் தொட்டேன், அடியிலிருந்து நுனி வரைக்கும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக உருவிவிட்டேன். நுனி சில்லென்று இருந்தது. திடீரென்று மூக்கு வழியாக நீளமாய் ஒரு பெருமூச்சு விட்டு, தாடையை என் கால்மேல் வைத்துவிட்டாள். அப்போதுதான் கவனித்தேன், அதுவரைக்கும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. வட்டம் சுற்றினால் நாய் திருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டரிடம் கேட்டேன். "அந்த வட்டத்துக்குப் பெரிய ஆராய்ச்சி ஆதாரமெல்லாம் கிடையாதும்மா. ஆனா மெதுவாத் தொட்டா நாய் தணியும், தொடுகிறவங்களும் தணிவாங்க. பயிற்சியை மட்டும் விட்டுராதீங்க" என்றார். எனக்குப் புரிந்தது இதுதான். தொட்டது அவளை ஒரு நிமிஷம் நிற்க வைத்தது. நிற்கிறவளுக்குத்தான் எதையும் சொல்லிக்கொடுக்க முடியும்.

சொல்லிக்கொடுத்தது மூன்றே விஷயம். ஒன்று, மூடின கை. கோழி ஈரலை வேகவைத்து பட்டாணி அளவுக்கு நறுக்கி, ஒரு துண்டைக் கைக்குள் மூடிக்கொள்வேன். முதல் நாள் நக்கினாள், பிராண்டினாள், குரைத்தாள். நான் பேசவும் இல்லை, இழுக்கவும் இல்லை. எப்போது மூக்கை எடுக்கிறாளோ அப்போது கை திறக்கும். பாய்ந்தால் மூடும், பொறுத்தால் திறக்கும். நாய்க்கு இதைவிடத் தெளிவாக எந்தச் சொல்லும் வேண்டாம். இப்போது கையை மூடினாலே தலையைத் திருப்பிக்கொண்டு, சம்பந்தமே இல்லாதவள் மாதிரிச் சுவரைப் பார்க்கிறாள்.

இரண்டு, பாய். பழைய கோரைப்பாயைப் பாதியாக வெட்டி ஓரம் அடித்து மெஷினுக்குப் பக்கத்தில் போட்டேன். கேரன் ஓவரால் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 15 நாள் பாடமாக ஒன்று வகுத்திருக்கிறார். நாய் உட்கார்ந்திருக்க, நாம் ஒரு அடி பின்னால் போய் வர வேண்டும், கைதட்ட வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், வெளியே போய் வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அமைதியாக இருந்தால் ஒரு துண்டு. எனக்கு 15 நாளில் முடியவில்லை, ஒன்றரை மாதம் ஆனது. நம் வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டேன்: கத்திரி கீழே விழுகிற சத்தம், மெஷின் நிற்கிற சத்தம், குக்கர் விசில். கடைசியில்தான் கேட் கொண்டி. அதைப் போனில் பதிந்து, கேட்டும் கேட்காத மாதிரி வைத்து ஆரம்பித்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டினேன். ஒரு தடவைக்கு மூன்று நிமிஷம், நாளைக்கு நாலைந்து தடவை. அதற்கு மேல் போனால் அவளுக்கும் சலிக்கும், எனக்கும் எரிச்சல் வரும்.

மூன்று, நடை. கழுத்துப் பட்டியைத் தூக்கிப் போட்டேன். இழுக்க இழுக்க மெல்லிய கழுத்து நெரிந்து இன்னும் வெறியாகிறது. பை தைக்கிற நாடாவில் மார்புக்கும் முதுகுக்கும் சேர்த்து ஒரு பட்டை நானே தைத்தேன். மார்பில் ஒரு வளையம், முதுகில் ஒரு வளையம், ஒரே வாரின் இரண்டு முனையும் அதில். இதுவும் அந்த லிண்டா அம்மா சொன்னதுதான்; ஒரே இடத்தில் இழுக்காமல் இரண்டு இடத்தில் பிடித்தால் நாய் தன் காலில் நேராக நிற்கும். விடியலில் கண்மாய்க் கரையில் முகர விட்டுவிடுகிறேன். அவள் மூக்கால் பேப்பர் படித்து முடிக்கிற வரைக்கும் நான் நிற்பேன். அத்தான், "நாயைக் கூட்டிப் போறியா, நாய் உன்னைக் கூட்டிப் போகுதா?" என்பார்.

இன்னொன்று, தூக்கம். கடை வாசலில் படுத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் எழுந்தவள் பகலில் தூங்கவே இல்லை என்பது எனக்கு லேட்டாகத்தான் உறைத்தது. பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து நிழலில் இடம் போட்டுக்கொடுத்தேன். தூங்கின நாய் பாதி நல்ல நாய்.

சறுக்கவே இல்லை என்று சொன்னால் பொய். செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழாவில் வெடி போட்டார்கள். கிரேப் பேண்டேஜை எடுத்து, நடுப்பகுதியை மார்பில் வைத்து, இரண்டு முனையையும் தோளுக்கு மேலே குறுக்காகக் கொண்டுபோய், வயிற்றுக்கு அடியில் சுற்றி, முதுகெலும்பில் படாமல் பக்கவாட்டில் முடிந்தேன். இரண்டு விரல் நுழைகிற தளர்ச்சியில், இறுக்கவே கூடாது. சில நாய்களுக்கு இது அணைத்துப் பிடித்த மாதிரி இருக்குமாம். வாண்டு நடுங்கத்தான் செய்தாள். ஆனால் கதவை முட்டவில்லை, மெஷினுக்குக் கீழே என் காலோடு ஒட்டிக் கிடந்தாள். கால் மணியில் அவிழ்த்துவிட்டேன், இந்த வெயிலுக்குச் சுற்றி வைக்க முடியாது. அடுத்த மூன்று நாள் பழைய வாண்டு, பால்காரர் மேலே பாய்ந்தாள். மறுபடியும் பிரஷ், மறுபடியும் மூடின கை. ஸ்கேலை எடுக்கவில்லை. அது எனக்கு வந்த பயிற்சி.

இனி நீ வந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நெல்லை எக்ஸ்பிரஸில் இறங்கியதும் போன் பண்ணு, ஆட்டோ பிடி. நீ வருவதற்குள் அவளை நடத்திக் கூட்டி வந்து பின்கட்டில் விட்டிருப்பேன். நடுவில் ஆசாரியை வைத்து இடுப்பளவுக்குப் பாதிக் கதவு போட்டாயிற்று. அன்றைக்கு முழுக்க அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் பிள்ளைகள். சின்னவன் விருப்பப்பட்டால் கதவுக்கு மேலே ஒரு ஈரல் துண்டு போடட்டும், இல்லையென்றால் வேண்டாம். "தொட்டுப் பாருடா" என்று யாரும் சொல்லக் கூடாது, அத்தான் உள்பட. அவனுக்கு இப்போதே ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடு: பெரியம்மா "மரம்" என்றால் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் தரையைப் பார்க்க வேண்டும். ஓடினால் விரட்டுகிற சாதி இவள். மரத்தை விரட்ட மாட்டாள். இரண்டு பேரையும் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விட மாட்டேன். வாண்டு எவ்வளவு மாறினாலும் இது மாறாது. அவளுக்குச் சந்தேகம் வந்தாலும், அவனுக்குச் சந்தேகம் வந்தாலும், விலகிப் போக இடம் இருக்கும்.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். அவளுக்குப் பருத்தியில் ஒரு உள்சட்டை தைக்கலாம் என்று இஞ்ச் டேப்பை எடுத்தேன். உதறாமல், மேசையில் வைத்து முகரக் கொடுத்தேன். கொஞ்சம் பின்னால் போனாள். நான் தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். பாயில் வந்து நின்றாள். டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தபோது காது பின்னால் மடிந்தது, உடம்பு ஒரு நடுக்கம் நடுங்கியது; ஆனால் நின்றாள். மார்பு 25 இஞ்ச்.

சின்னவன் அளவையும் எழுதி அனுப்பு. தோள், மார்பு, உயரம். பொங்கலுக்கு எடுத்த அளவு இந்நேரம் பத்தாது. நீலத்தில் கோடு போட்ட துணி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் வந்தால் இங்கேயே போட்டுப் பார்த்துச் சரி பண்ணிக்கொள்ளலாம். வர மனசில்லை என்றாலும் கோபமில்லை பாப்பா, ஜூனில் யூனிபார்ம் வேலை முடிந்ததும் நானே சட்டையை எடுத்துக்கொண்டு சென்னைக்கு வருகிறேன். அளவு மட்டும் சீக்கிரம் அனுப்பு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு முத்தம்.

அன்புடன்,
அக்கா